மேசையில் காசு வைக்க வேண்டாம்: எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ-9 வீதியில், கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் எங்கள் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வருபவர்களில் பாதிப்பேர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்கள், மீதிப்பேர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடுகிற வான்காரர். கசியர் மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது: "தயவுசெய்து டிப்ஸ் வைக்க வேண்டாம். இங்கே வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம்." இதை வாசித்துவிட்டு ஒருவர் சிரிப்பார், இன்னொருவருக்குக் கோபம் வரும், மூன்றாமவர் "அப்ப மற்றக் கடைகளில குடுக்கிறேல்லையோ?" என்பார். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டது. அதுதான் எழுதி வைக்கிறேன். கடை வைத்திருக்கிற சிலரும் விவரம் கேட்டார்கள், அவர்களுக்கான பதிலும் இதற்குள் இருக்கிறது.

டிப்ஸ் நாங்கள் மனமுவந்து தருவது. வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?

தடுக்கவில்லை, கேட்டுக்கொள்கிறோம். நம் பக்கத்தில் இதற்குச் 'சந்தோசம்' என்று நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்த புழுகத்தில் ஒரு அப்பா, பரிமாறிய பொடியனின் கையில் ஐந்நூறு ரூபாவைத் திணித்துவிட்டுப் போகிறார். அது சந்தோசம்தான். ஆனால் முதலாளி சம்பளம் பேசும்போதே அந்த ஐந்நூறையும் கணக்கில் சேர்த்துப் பேசினால், சம்பளத்தில் ஒரு பங்கை உங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று அர்த்தம். நீங்கள் வைத்தால் அவனுக்குச் சம்பளம் உண்டு, வைக்காவிட்டால் இல்லை.

இது கேள்விப்பட்ட கதை இல்லை. 2003 இல், போர்நிறுத்தத்தால் ஏ-9 பாதை திறந்திருந்த காலத்தில், கொழும்புக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு நின்றேன். சம்பளம் என்ன என்று கேட்டதற்கு முதலாளி மேசைகளைக் காட்டி, "அங்க கிடக்கும், பொறுக்கு" என்றார். பகிடி என்று நினைத்தேன். மாதக் கடைசியில்தான் விளங்கியது. மழை பெய்தால் காசு இல்லை, காய்ச்சலில் படுத்தால் காசு இல்லை. வாசலுக்குக் கிட்ட, ஃபேனுக்குக் கீழே இருந்த மேசைகள் பழைய ஆட்களுக்கு. கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசைகள் புதிதாய் வந்த எனக்கு. வேலை ஒன்றுதான், அவர்களின் வருமானம் என்னுடையதைப் போல மூன்று மடங்கு. இன்றைக்கும் ஒருவர் சாப்பிட்டு எழும்பினால் என் கண் முதலில் கோப்பைக்குக் கீழேதான் போகிறது. இருபது வருடம் கழிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வன்னியில் யார் டிப்ஸ் வைக்கிறார்கள்?

சீசனில் வைப்பார்கள். யூலை, ஓகஸ்டில் கனடா, சுவிஸ், லண்டன் என்று பிள்ளைகளோடு வருவார்கள். நல்லூர்த் திருவிழாவும் அந்த நாட்களில்தான், மடுமாதா பெருநாள் ஓகஸ்ட் 15. ஒரு வான் நின்றால் மேசையில் ஆயிரம் ரூபாத் தாள் கிடக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகை வரும். அப்போது இரணைமடுக் குளம்தான் வான் பாயும், வீதியில் வான் வராது.

பலகை மாட்டுவதற்கு முன் ஒரு வருடம் கொப்பியில் குறித்து வைத்தோம். முன் மேசைகளுக்கு நின்றவருக்கு ஓகஸ்டில் 19,000 ரூபா கிடைத்தது. அதே ஆளுக்கு நவம்பரில் 2,600. பிள்ளையின் ரியூசன் காசு நவம்பரில் குறைவதில்லையே.

பஸ்ஸில் வருகிறவர்கள் வைப்பதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பத்து நிமிடத்தில் ரோல்ஸைக் கடித்து பிளேன்டீயைக் குடித்துவிட்டு ஓட வேண்டும். ஆனால் இதனால் கடைக்குள் என்ன நடந்தது தெரியுமா? வான்காரருக்குக் கதிரை இழுத்து விடுவார்கள். பஸ்ஸில் வந்த அம்மா தண்ணீர் கேட்டுக் கையைத் தூக்கியபடியே இருப்பார். பொடியள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, அவர்களுக்குச் சம்பளம் தருவது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சட்டப்படி எவ்வளவு கொடுக்க வேண்டும்?

தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் கூடியது. நாட்சம்பளம் என்றால் 1,200 ரூபா. டிப்ஸ் எடுப்பவருக்கென்று குறைந்த சம்பளம் ஒன்று எங்கள் நாட்டுச் சட்டத்தில் தனியாக இல்லை.

அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். 1958ஆம் ஆண்டுச் சட்டம். ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.ரி.எஃப்.க்கு, முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். பல கடைக்காரருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கிறது: வேலை செய்பவருக்கு முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் ஈ.பி.எஃப். கணக்கில் உழைப்பாகச் சேரும். "நான் மூண்டு நேரமும் சாப்பாடு போடுறன்" என்று நெஞ்சை நிமிர்த்துகிற முதலாளிமார் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

எங்கள் கடையில் அடிப்படைச் சம்பளம் 40,000. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு. 40,000க்கு இரண்டு பக்கமும் சேர்த்து மாதம் 8,000 ரூபா ஈ.பி.எஃப்.இல் விழுகிறது. பத்து வருடத்தில், வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 960,000. மேசையில் கிடந்த காசுக்கு ஒரு சதம்கூட விழுந்ததில்லை. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனாலும் சம்பளச் சீட்டைத்தான் கேட்கிறார்கள், ஓகஸ்டில் எவ்வளவு பொறுக்கினாய் என்று யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பதிலாக பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் போடலாமே?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். பெரிய ஹோட்டல் பில்லில் இரண்டு கூட்டல்கள் இருக்கும். 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி), அது அரசாங்கத்துக்கு. 10 வீதம் சேவைக் கட்டணம், அது வரி இல்லை, கடை வசூலிப்பது. பல பெரிய ஹோட்டல்களில் அதைப் புள்ளிக் கணக்கில் ஊழியர்களுக்குப் பிரிக்கிறார்கள். ஒழுங்காகப் பிரித்தால் டிப்ஸை விட நல்ல முறைதான், குசினிக்கும் பங்கு போகும். ஆனால் உண்மையில் பிரிக்கிறார்களா என்று சாப்பிட வந்த நீங்கள் எப்படி அறிவீர்கள்? பிரித்தானியாவில் இதற்கென்றே 2023 இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2024 ஒக்டோபர் முதல் அங்கே டிப்ஸிலும் சேவைக் கட்டணத்திலும் முதலாளி கை வைக்க முடியாது, முழுவதையும் ஊழியருக்குப் பிரித்தாக வேண்டும்.

எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. வியாபாரம் இல்லாத நவம்பரில் 10 வீதம் என்பது எதில் 10 வீதம்? மாரியின் நட்டத்தை மறுபடியும் பரிமாறுபவர்தான் சுமக்க வேண்டி வரும். சீசன் இலாபம் எனக்கென்றால் மாரி நட்டமும் எனக்குத்தான்.

சாப்பாட்டு விலை கூடியிருக்குமே?

கூடியது. சாப்பாடு ஒன்றுக்கு 20 ரூபா. கணக்கை ஒளிக்க ஒன்றுமில்லை. ஆளுக்கு 10,000 கூட்டினோம். அதற்கு ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப். 15 வீதம், 1,500. ஆக ஒருவருக்கு 11,500. பரிமாறுகிற ஆறு பேர், குசினியில் நான்கு பேர், மொத்தம் 115,000. நாளுக்குச் சராசரி 200 சாப்பாடு, மாதம் 6,000. பிரித்தால் 19 ரூபா 17 சதம் வரும்.

முதல் இரண்டு கிழமை முணுமுணுப்பு இருந்தது. ஆனால் தேங்காய் விலை ஏறியபோது இதைவிடக் கூடுதலாக ஏற்றியிருக்கிறோம், அப்போது "தேங்காய்க்கு இவ்வளவோ?" என்று கேட்டவர்கள் குறைவு. சம்பளத்துக்கு ஏற்றினால்தான் கேட்கிறார்கள்.

டிப்ஸ் இல்லாவிட்டால் பொடியள் ஒழுங்காக வேலை செய்வார்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் எரிச்சலூட்டுவதும் இதுதான். வங்கியில் காசு எண்ணுகிறவருக்கு டிப்ஸ் வைக்கிறீர்களா? பள்ளிக்கூட ரீச்சருக்கு? பரிமாறுகிறவன் மட்டும் இருபது ரூபா காட்டினால்தான் அசைவான் என்று ஏன் நினைக்க வேண்டும்?

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லின் என்ற பேராசிரியர் டிப்ஸைப் பற்றிப் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார். சேவை எப்படி இருந்தது என்பதற்கும் எவ்வளவு வைத்தார்கள் என்பதற்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது என்பது அவர் கண்டது. பில் எவ்வளவு பெரியதோ அதைப் பொறுத்துத்தான் டிப்ஸும் பெரிதாகிறது. எங்கள் கொப்பியும் அதையே சொன்னது. கணவாய்க் கறியும் நண்டும் எடுத்த மேசை நன்றாக வைத்தது, புட்டும் சொதியும் எடுத்த மேசை வைக்கவில்லை. புட்டுக்குப் பரிமாறியவன் நடந்த தூரம் குறைவா என்ன?

எங்கள் கடையில் சேவை மெதுவாகவோ மரியாதைக் குறைவாகவோ இருந்தால் கசியர் மேசையில் என்னிடம் சொல்லுங்கள். அதைத் திருத்துவது என் வேலை.

குசினியில் நிற்பவர்களுக்கு ஏன் கூட்டினீர்கள்? அவர்களுக்கு டிப்ஸே வராதே?

வராது என்பதால்தான். இரவு ஏழு மணிக்குக் கொத்துப் போடுகிற சத்தம் வீதி வரைக்கும் கேட்கும். அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் பாதி வாகனம் நிற்கிறது. ஆனால் கொத்துக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று வேர்க்கிறவருக்கு எந்த மேசையிலிருந்தும் ஒரு சதம் போனதில்லை. கோப்பை கழுவுகிற அக்காவை வாடிக்கையாளர் கண்டதே இல்லை.

போன வருடம் சுவிஸிலிருந்து வந்த ஒரு மாமா இந்தப் பலகையைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எண்பதுகளில் போனவர். பிறகு சொன்னார்: "தம்பி, நான் பன்னிரண்டு வருசம் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினனான். முன்னுக்கு நிண்டவங்கள் டிப்ஸ் எண்ணுற சத்தம் பின்னுக்குக் கேக்கும்." அந்தக் காலத்தில் அங்கே போன எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் இப்படிக் குசினிக்குள் நின்றுதான் ஊருக்குக் காசு அனுப்பினார்கள். அவர் போகும்போது மேசையில் ஒன்றும் வைக்கவில்லை. பின்கதவால் போய் அக்காவுக்கு "நல்ல சுத்தம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிநாட்டில் எல்லாம் டிப்ஸ் இருக்கிறதுதானே?

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சுவிஸில் 1974 இலிருந்து சேவைக்கான காசு சாப்பாட்டு விலைக்குள்ளேயே இருக்கிறது. மேலே வைப்பது உங்கள் விருப்பம். பிரான்சிலும் விலைக்குள் அடங்கியதுதான். யப்பானில் வைத்தால் பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவார்கள் என்பார்கள். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் மதுபானம் பரிமாறுபவர்களுக்குப் பொதுவான ஆகக்குறைந்த சம்பளத்திலும் குறைந்த ஒரு சம்பளம் இருந்தது. 2022 ஜனவரி 1 இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காதான் தனிக் கதை. டிப்ஸ் எடுப்பவருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய ஆகக்குறைந்த சம்பளம், மத்திய சட்டப்படி, மணித்தியாலத்துக்கு 2 டொலர் 13 சதம். 1991 இலிருந்து இதே தொகை. டிப்ஸோடு சேர்த்தும் பொதுவான ஆகக்குறைந்த சம்பளமான 7 டொலர் 25 சதம் வராவிட்டால் மிச்சத்தை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? கலிபோர்னியா, வோஷிங்டன் போன்ற ஏழு மாநிலங்களில் இந்தக் குறைப்பு இல்லை.

இதன் வேரும் நல்ல வேர் இல்லை. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, புல்மன் என்ற ரயில் கம்பனி தன் படுக்கை வண்டிகளில் விடுதலையான கறுப்பின ஆண்களை வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளிடம் டிப்ஸாகப் பெற வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் 1925 இல் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருடம் போராடி 1937 இல்தான் கம்பனியோடு ஒப்பந்தம் வந்தது. எங்களிடம் சீசன் காசோடு இந்தப் பழக்கம் வந்து ஒட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ரயில்தான் நினைவுக்கு வருகிறது.

இப்படிச் செய்து தோற்றவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். நியூயோர்க்கில் டனி மேயர் என்ற பெரிய உணவகக்காரர் 2015 இல் தன் கடைகளில் டிப்ஸை நிறுத்தி விலையைக் கூட்டினார். உலகமெல்லாம் பேசினார்கள். 2020 யூலையில், கொரோனாக் காலத்தில், கைவிட்டார். பக்கத்துக் கடைகள் எல்லாம் டிப்ஸோடு நடக்கும்போது ஒரு கடை மட்டும் விலையைக் கூட்டினால் மெனுவைப் பார்த்தவுடன் கூட்டம் மற்றப் பக்கம் போகும். நன்றாக டிப்ஸ் எடுத்தவர்களும் டிப்ஸ் உள்ள கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே டிப்ஸ் பில்லில் 20 வீதம் வரைக்கும் போவதால் விலையையும் அந்தளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் ஏற்ற வேண்டியது 20 ரூபா. அவரால் முடியாதது எங்களால் முடிந்தது கெட்டித்தனத்தால் இல்லை, எங்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் அவ்வளவு ஆழமாக வேர் விடவில்லை.

உங்கள் கடையில் யாரும் விட்டுப் போகவில்லையா?

ஒருவர் போனார். ஓகஸ்டில் 19,000 எடுத்த அதே ஆள். வருடக் கணக்குப் போட்டுக் காட்டினேன், கூடுதல் சம்பளம்தான் இலாபம் என்று அவருக்கும் தெரிந்தது. "ஆனா அண்ணை, அண்டண்டைக்குக் கையில காசு வேணும்" என்றார். வீட்டில் நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வந்து நிற்கிறான், அவன் மாதக் கடைசி வரைக்கும் பொறுக்க மாட்டான். இதை நான் யோசித்திருக்க வேண்டும். இப்போது கேட்பவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கிழமைக்கு ஒருமுறை கொடுக்கிறோம். அவர் போனது எனக்கு இன்னும் கவலைதான், நல்ல வேலைக்காரர்.

பெண்பிள்ளைகள் பரிமாறுகிறார்களே, அவர்களுக்கு இதில் என்ன வித்தியாசம்?

டிப்ஸ் இருந்த காலத்தில் பரிமாறும் வேலைக்குப் பெண்கள் வர மாட்டார்கள், வந்தாலும் குசினிக்குத்தான் கேட்பார்கள். காரணத்தை நான் கேட்கவில்லை. பலகை மாட்டிய பிறகு வந்த ஒரு தங்கச்சிதான் சொன்னாள். காசு வைக்கிறவர் "ஒருக்காச் சிரியும் பிள்ளை" என்றால் சிரிக்க வேண்டும், நம்பர் கேட்டால் முகத்தைச் சுழிக்காமல் சமாளிக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய உழைப்புப் போச்சு. இப்போது அவள் முறைக்கிற முறைப்பில் நானே பயப்படுகிறேன்.

போர் முடிந்த பிறகு தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிற பெண்கள் எங்கள் மாவட்டங்களில் நிறையப்பேர். அவர்களுக்கு மாதத்தில் இன்ன தேதிக்கு இன்ன தொகை வரும் என்று தெரிவது பெரிய காரியம். பிரசவ விடுமுறை 84 நாட்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் வரும். டிப்ஸ் வீடு தேடி வராது.

சின்னக் கடை, குடும்பமே நடத்துவது. எங்களுக்கும் இது பொருந்துமா?

சம்பளத்துக்கு ஆள் இல்லையென்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் சேர்ந்து நடத்துகிற 'அம்மாச்சி' உணவகங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் பிரிவில் தோசையோ கஞ்சியோ சுட்டு, காய்ச்சித் தானே விற்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு நீங்களே போய் இருக்கிறீர்கள். அங்கே யாருக்கு டிப்ஸ் வைப்பது?

என் கடையிலும் செய்யலாமா என்று யோசிக்கிறேன். எங்கே தொடங்குவது?

பலகையிலிருந்து தொடங்காதீர்கள். சம்பளத்தைக் கூட்டிக் குறைந்தது ஒரு மாதம் கொடுத்த பிறகு பலகையை மாட்டுங்கள். மாறிச் செய்தால் பொடியளுக்கு அது திருட்டாகத்தான் தெரியும், அது சரியும்கூட.

அதற்கு முன் கொப்பி. யாருக்கு எந்த மாதம் எவ்வளவு டிப்ஸ் வந்தது என்று சீசனும் மாரியும் அடங்க எழுதுங்கள். பொடியள் முதலில் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், தொகை தெரிந்தால் முதலாளி சம்பளத்தை வெட்டுவார் என்று பயப்படுவார்கள். வெட்ட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அப்புறம்தான் கொப்பி நிரம்பியது. புதுச் சம்பளம் அந்த வருடச் சராசரியை விடக் குறையக் கூடாது. ஓகஸ்டை வைத்துக் கணித்தால் நீங்கள் முறிவீர்கள், நவம்பரை வைத்துக் கணித்தால் அவர்கள் முறிவார்கள்.

விலையை ஒரேயடியாக ஏற்றுவதா, இரண்டு தடவையாகவா என்பது உங்கள் இடத்தைப் பொறுத்தது. நாங்கள் ஒரேயடியாக ஏற்றினோம். தேநீரில் கை வைக்கவில்லை, பஸ்காரர் தேநீருக்குத்தான் வருகிறார்கள். இன்னொன்று: காசு லாச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற டிப்ஸ் போத்தலையும் எடுத்துவிடுங்கள். பலகையும் போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஒரு கடையைக் கண்டிருக்கிறேன்.

நான் வேலை செய்கிற கடையில் ஆகக்குறைந்த சம்பளமே தருவதில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நின்ற நாட்கள், நேரம், வாங்கிய காசு எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வையுங்கள். ஈ.பி.எஃப். இலக்கம் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தராவிட்டால் அதையும் முறைப்பாட்டில் சேர்க்கலாம்.

கட்டாயம் ஏதாவது தரத்தான் வேண்டும் என்றால்?

கச்சான் வாங்கி வந்து கொடுங்கள், எல்லோரும் சாப்பிடுவார்கள். முறிகண்டியில் வறுத்த சூடு ஆறுவதற்குள் என்றால் இன்னும் நல்லது.

மிச்சக் காசை விட்டுவிட்டுப் போகலாமா?

வேண்டாம், வாங்கிக்கொண்டு போங்கள். சில்லறை இல்லாத நாட்களில் இரண்டு ரூபாவுக்குப் பதிலாக டொபி தருகிறோம் என்று குறை சொல்கிறார்கள். உண்மைதான். வங்கியில் சில்லறை கேட்டிருக்கிறோம்.